கேம் விளம்பரம் வந்தால் கம்ப்யூட்டர் பத்திரிகையின் தரம் இறங்கிவிடுமா?

பழைய கம்ப்யூட்டர் பத்திரிகைகள் பலவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் புரட்டலாம். 1984 வாக்கில் வந்த அமெரிக்க 'பைட்' இதழ் ஒன்றையும் அதே ஆண்டின் பிரிட்டிஷ் கேம் பத்திரிகையான 'கிராஷ்' இதழ் ஒன்றையும் திறந்து வையுங்கள். ஒரு கட்டுரைகூடப் படிக்க வேண்டாம், சும்மா பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போங்கள். பைட்டில் பிரிண்டர், மோடம், ஹார்ட் டிஸ்க், டேட்டாபேஸ், கம்பைலர் என்று வரிசையாக வரும், எழுத்து பொடியாக இருக்கும், விலைப்பட்டியல் நீளமாக இருக்கும். கிராஷில் விண்கலம், அசுரன், வாள், வெடித்துச் சிதறும் கட்டடம். இரண்டில் எது தரமான பத்திரிகை என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் பைட்டைத்தான் காட்டுவார்கள். படித்துப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு இல்லை அது, விளம்பரங்களைப் பார்த்தே சொன்னது.

இந்தத் தீர்ப்பு எப்படி உருவாகிறது, அதில் எவ்வளவு உண்மை இருக்கிறது, எங்கே அது நம்மை ஏமாற்றுகிறது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன். பத்திரிகைத் தொழில் பற்றி எதுவும் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் காசிலிருந்து தொடங்கலாம்.

ஒரு பத்திரிகைக்கு இரண்டு வழியில் காசு வரும். நாம் கொடுக்கும் விலை ஒன்று, விளம்பரம் தருபவர் கட்டும் கட்டணம் இன்னொன்று. நாம் கொடுக்கும் விலையில் கடைக்காரர் கமிஷன், விநியோகஸ்தர் பங்கு, காகிதம், அச்சு எல்லாம் போனால் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, வழவழப்பான தாளில் வண்ணத்தில் அடிக்கும் பத்திரிகைக்குப் பல நேரம் அதுவே பற்றாது. சம்பளம், வாடகை, லாபம் எல்லாம் பெரும்பாலும் விளம்பரத்திலிருந்துதான். ஆக, பத்திரிகை நடத்துபவர் இரண்டு வியாபாரம் செய்கிறார்: நமக்குப் பத்திரிகையை விற்கிறார், விளம்பரதாரருக்கு நம்மை விற்கிறார். எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று பொய்க்கணக்கு காட்டக்கூடாது என்பதற்காகவே விற்பனையைத் தணிக்கை செய்ய அமைப்பு வந்தது. அமெரிக்காவில் 1914லும் இந்தியாவில் 1948லும் தொடங்கிய 'ஆடிட் பீரோ ஆஃப் சர்க்குலேஷன்ஸ்' அதற்குத்தான்.

ஆனால் எத்தனை பேர் என்பது மட்டும் விளம்பரதாரருக்குப் போதாது, எப்படிப்பட்டவர்கள் என்பதும் தெரிய வேண்டும். இதற்குச் சரியான உதாரணம் 1984ல் ஜிஃப் டேவிஸ் நிறுவனம் தொடங்கிய 'பீசி வீக்' பத்திரிகை. அதற்குச் சந்தா கட்டி வாங்குவதைவிட இலவசமாக வாங்குவதுதான் கௌரவமாக இருந்தது, ஏனென்றால் ஒரு படிவத்தை நிரப்பி, உங்கள் நிறுவனத்துக்குக் கம்ப்யூட்டர் வாங்கும் முடிவில் உங்களுக்கு எவ்வளவு பங்கு இருக்கிறது, எத்தனை இயந்திரம் வாங்கப் போகிறீர்கள் என்றெல்லாம் காட்டினால்தான் அது உங்கள் மேசைக்கு வந்தது. பத்து ஆயிரம் சாதாரண வாசகர்களைவிட, ஒரே கையெழுத்தில் நூறு கம்ப்யூட்டருக்கு ஆர்டர் போடக்கூடிய ஆயிரம் பேர் விளம்பரதாரருக்கு மேல். அந்த ஆயிரம் பேரைத் திரட்டிக் காட்ட முடிந்தால் பத்திரிகையைச் சும்மா கொடுத்தாலும் லாபம்தான்.

இது புரிந்துவிட்டால் மற்றது எளிது. ஒரு பத்திரிகையில் வரும் விளம்பரங்கள், அதன் வாசகர் யார் என்று விளம்பரதாரர் நினைக்கிறாரோ அதைச் சொல்கின்றன. நெடுஞ்சாலையில் ஒரு ஓட்டல் வாசலில் லாரிகள் நிற்கின்றனவா, கார்கள் நிற்கின்றனவா என்று பார்த்து உள்ளே எப்படிச் சாப்பாடு கிடைக்கும் என்று முடிவு செய்கிறோமே, அந்த மாதிரிதான் நாமும் விளம்பரத்தைப் பார்த்துப் பத்திரிகையை எடைபோடுகிறோம். யார் வந்து உட்கார்கிறார்கள் என்பது அதில் ஓரளவு சரியாகவே தெரியும். சமையல் எப்படி என்பது தெரியாது. இந்த வேறுபாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஆரம்பத்தில் இந்தப் பாகுபாடே இல்லை

பைட் 1975 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் தொடங்கியது. அதற்கு ஓராண்டு முன்னால், 1974ல், டேவிட் ஆல் என்பவர் 'கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்' என்ற பத்திரிகையைத் தொடங்கியிருந்தார். அப்போது கம்ப்யூட்டரைச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் பெரும்பாலும் சாலிடரிங் கம்பியும் கையுமாகத் திரிந்த ஆர்வலர்கள். பகலில் சர்க்யூட் போர்டைச் சரிசெய்தவரே ராத்திரி அதே இயந்திரத்தில் கேம் ஆடினார், கேம் எழுதவும் செய்தார். கேம் நிரலைப் பத்திரிகையில் அச்சடிப்பார்கள், வாசகர் உட்கார்ந்து வரி வரியாகத் தட்டச்சு செய்து ஓட்டிப் பார்ப்பார், அப்படித்தான் எத்தனையோ பேர் நிரல் எழுதவே கற்றுக்கொண்டார்கள். கேம் அப்போது பாடம். அதைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கவில்லை.

திருப்பம் 1981 ஆகஸ்டில். ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது, கம்ப்யூட்டர் அலுவலக மேசைக்கு வந்துவிட்டது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஐபிஎம் அறிமுக நாளில் அறிவித்த மென்பொருள் பட்டியலிலேயே விசிகால்க் என்ற விரிதாள் (கட்டங்களில் கணக்குப் போடும் மென்பொருள்), பீச்ட்ரீ கணக்கு மென்பொருள் இவற்றோடு 'மைக்ரோசாஃப்ட் அட்வெஞ்சர்' என்ற கேமும் இருந்தது. அதாவது கேமை ஐபிஎம்மே ஒதுக்கி வைக்கவில்லை. அதோடு, அந்தக் கம்ப்யூட்டரை விளம்பரப்படுத்த ஐபிஎம் தேர்ந்தெடுத்தது சார்லி சாப்ளினின் நாடோடி வேடத்தை! தொப்பி, கைத்தடி, தொளதொள கால்சட்டையோடு ஒரு கோமாளி ஐபிஎம் கம்ப்யூட்டர் பக்கத்தில் நிற்கிறார், அதைப் பார்த்து ஒருவரும் இது விளையாட்டுச் சாமான் என்று சொல்லவில்லை. படத்தில் இருப்பது கோமாளியா கோட்டு போட்டவரா என்பதால் கௌரவம் வருவதில்லை, கீழே யாருடைய பெயர் இருக்கிறது, என்ன விலை போட்டிருக்கிறது என்பதால்தான் வருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

கம்ப்யூட்டர் அலுவலகத்துக்குப் போனதும் பத்திரிகைக்கும் ஒரு புது வேலை வந்து சேர்ந்தது. மேசையில் கிடக்கும் இதழ், அதை வைத்திருப்பவர் வேலை பார்க்கிறார் என்று காட்ட வேண்டும். மேலதிகாரி அந்தப் பக்கம் வரும்போது திறந்திருக்கும் பக்கத்தில் ஹார்ட் டிஸ்க் விலைப்பட்டியல் இருந்தால் சரி, டிராகன் இருந்தால் சங்கடம். வீட்டிலும் இதே கதைதான்: பிள்ளையின் படிப்புக்கு, வீட்டுக் கணக்குக்கு என்று சொல்லித்தான் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் விற்றார்கள், வாங்கினார்கள். அப்படிச் சொல்லி வாங்கிய பிறகு அட்டையில் அசுரன் படம் போட்ட பத்திரிகையை அப்பா முன்னால் எப்படிப் பிரிப்பது? பத்திரிகை என்பது படிக்கும் பொருள் மட்டும் இல்லை, நான் இன்னார் என்று பிறருக்குக் காட்டும் பொருளும்கூட. 'தொழில்முறையாகத் தெரிகிறது' என்ற பேச்சில் பாதிக்கு மேல் இதுதான் இருக்கிறது.

விளம்பரதாரர் பக்கம் இதே கவலை இன்னும் கறாராக இருக்கும். பல ஆயிரம் டாலர் விலையுள்ள இயந்திரத்துக்கு முழுப்பக்க விளம்பரம் கொடுப்பவர், எதிர்ப்பக்கத்தில் என்ன வருகிறது என்று கேட்பார். பின்னட்டை, முன்னட்டையின் உள்பக்கம், முதல் சில பக்கங்கள் இவற்றுக்குக் கட்டணம் கூடுதல், பொடி விளம்பரங்கள் பின்னால் போகும். கேம் விளம்பரம் வண்ணம் அடர்ந்தது, கத்துவது போல இருப்பது, பக்கத்தில் இருப்பதை விழுங்கிவிடும். அதனால் இரண்டையும் ஒரே இதழில் வைத்துச் சமாளிப்பது விளம்பர மேலாளருக்கு நிஜமாகவே தலைவலி. கடைசியில் பத்திரிகைகளே பிரிந்தன. பிரிட்டனில் 'கம்ப்யூட்டர் அண்ட் வீடியோ கேம்ஸ்', அமெரிக்காவில் 'கம்ப்யூட்டர் கேமிங் வேர்ல்டு', 'எலெக்ட்ரானிக் கேம்ஸ்' மூன்றுமே 1981ல் தொடங்கியவை. இந்தப் பக்கம் 'பீசி மேகசின்' 1982ல் வந்து, அலுவலக விளம்பரத்தில் உப்பிப் பெருத்தது. பைட்டும் 1983ல் 500 பக்கத்தைத் தாண்டிய தடிமனில் வந்துகொண்டிருந்தது. நடுவில் நின்றது கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங்தான். கேமும் உண்டு, கல்வியும் உண்டு, வேலையும் உண்டு என்று எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருந்த அந்தப் பத்திரிகை 1985 டிசம்பர் இதழோடு நின்றுபோனது. வீட்டுக் கம்ப்யூட்டர் சந்தை அந்தச் சமயத்தில் படுத்துவிட்டது முக்கியக் காரணம், ஆனால் விளம்பரதாரர்கள் இரு பக்கமும் பிரிந்து போய்விட்டதால் நடுவில் நிற்பவருக்குக் காசு கொடுக்க ஆள் குறைந்ததும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். எனக்கு அது பெரிய இழப்பாகத்தான் படுகிறது.

வேடிக்கை பாருங்கள், ஐபிஎம் மாதிரியே இயங்கும் என்று சொல்லிப் பல நிறுவனங்கள் மலிவான கம்ப்யூட்டர்களை விற்க ஆரம்பித்தபோது, அது உண்மையா என்று சோதிக்க விமர்சகர்கள் இரண்டு மென்பொருளை ஓட்டிப் பார்த்தார்கள். ஒன்று லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள். இன்னொன்று மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், அதாவது விமானம் ஓட்டும் கேம். இரண்டும் வன்பொருளை நேரடியாகத் தொட்டு வேலை வாங்குபவை, இயந்திரத்தில் சின்ன வேறுபாடு இருந்தாலும் மாட்டிக்கொடுத்துவிடும். கோட்டு சூட்டு போட்ட பத்திரிகைகளுக்கும் கடைசியில் கேம் தேவைப்பட்டது.

கேம் நிறுவனங்களுக்கும் இது தெரியும்

தங்களை யாரும் மதிப்பதில்லை என்று கேம் நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. 1983ல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற கேம் நிறுவனம் கொடுத்த விளம்பரம் அதற்குப் பதில். கம்ப்யூட்டர் உங்களை அழவைக்க முடியுமா என்று கேட்ட அந்த விளம்பரத்தில் அசுரனும் இல்லை, விண்கலமும் இல்லை. கேம் எழுதியவர்களைக் கறுப்புடையில் நிற்கவைத்து, ஒரு இசைக்குழுவைப் படம் பிடிப்பது போல எடுத்த புகைப்படமும், பக்கத்தில் நிதானமான நீண்ட உரையும்தான். எழுத்தை மட்டுமே வைத்துக் கேம் செய்த இன்ஃபோகாம் நிறுவனமும் இதே வழியில் போனது. எங்கள் கேமில் படம் இல்லை, படமெல்லாம் உங்கள் மூளைக்குள் இருக்கிறது என்று சொல்லும் விளம்பரங்களை ஒரு நல்ல விளம்பர நிறுவனத்தை வைத்துச் செய்தார்கள். பைட் வாசகரும் கூச்சப்படாமல் பார்க்கக்கூடிய விளம்பரம் அது.

ஆனால் அதே இன்ஃபோகாமுக்கு, வெறும் கேம் நிறுவனமாக இருப்பது போதவில்லை. 1985ல் 'கார்னர்ஸ்டோன்' என்ற டேட்டாபேஸ் மென்பொருளை 495 டாலருக்கு வெளியிட்டார்கள், பணத்தையெல்லாம் அதில் கொட்டினார்கள். அது விற்கவில்லை, 1986ல் நிறுவனம் ஆக்டிவிஷன் என்ற இன்னொரு கேம் நிறுவனத்தின் கைக்குப் போனது. உலகத்தில் மிகச் சிறந்த எழுத்து கேம்களைச் செய்துகொண்டிருந்தவர்கள், வியாபார மென்பொருள்தான் பெரியவர்களின் தொழில் என்று நம்பி வீணானார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

எல்லாரும் இப்படி அடக்கமாக விளம்பரம் செய்யவில்லை. மான்செஸ்டரின் ஓஷன் என்ற கேம் நிறுவனத்துக்கு பாப் வேக்லின் என்ற ஓவியர் வரைந்த படங்கள் அட்டைப்பெட்டியிலும் விளம்பரத்திலும் வந்தன. அருமையான ஓவியங்கள், ஆனால் கேசட்டைப் போட்டால் திரையில் வருவது நாலு நிறத்தில் சதுரம் சதுரமான உருவம். திரைப்படத்தைத் தழுவிய கேம் என்றால் இந்த இடைவெளி இன்னும் கூடும். திரையின் படத்தைப் போட்டாலும், உங்களிடம் இருப்பது ஸ்பெக்ட்ரம் என்ற மலிவான வீட்டுக் கம்ப்யூட்டர், படத்தில் இருப்பது அதைவிட வசதியான வேறு கம்ப்யூட்டரின் திரையாக இருக்கலாம், அதைப் பொடி எழுத்தில் கீழே போட்டிருப்பார்கள். 1987ல் பேலஸ் சாஃப்ட்வேர் 'பார்பேரியன்' கேமுக்காக நாளிதழ் கவர்ச்சி மாடலான மரியா விட்டேக்கரை பிகினியில் நிற்கவைத்து விளம்பரம் கொடுத்தது. புகார்கள் எழுந்தன, அந்தப் பேச்சே விற்பனைக்கு உதவியது. கேம் நன்றாகவே இருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் அந்த விளம்பரம் தாங்கிய பத்திரிகையைப் பள்ளிக்கூடத்துக்கோ அலுவலகத்துக்கோ எடுத்துப்போக முடியுமா? கேம் ஆடும் பெண்கள் அதைப் பார்த்து இது நமக்கான இடம் என்று நினைப்பார்களா? தரம் இறங்கியது போலத் தோன்றுவதில் நியாயம் இருக்கும் இடம் இதுதான், இதை மறைக்க வேண்டியதில்லை.

பத்தாண்டு கழித்து 1997ல் இன்னும் மோசம். 'டூம்' என்ற கேமைச் செய்தவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோவின் வரவிருந்த கேம் 'டைகட்டானா'வுக்கு, சிவப்புப் பக்கத்தில் வாசகரையே கொச்சையாகச் சீண்டும் வாசகம் மட்டும் போட்டு விளம்பரம் வந்தது. கேம் வெளிவரவே 2000 ஆனது, வந்ததும் அடி வாங்கியது. 2010ல் ரொமேரோ அந்த விளம்பரத்துக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்.

இமேஜின் கதை

விளம்பரத்துக்கும் பத்திரிகைக்கும் உள்ள உறவை ஒரே கதையில் விளங்கவைக்க வேண்டும் என்றால் நான் லிவர்பூலின் இமேஜின் சாஃப்ட்வேரைத்தான் சொல்வேன். 1982ல் தொடங்கி, ஓரிரு கேம்கள் நன்றாக விற்றதும் இளம் வயதில் பணக்காரர்கள், ஆடம்பரக் கார்கள் என்று செய்தித்தாள்களில் அடிபட்ட நிறுவனம் அது. பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வண்ண விளம்பரம் கொடுத்தார்கள், அச்சுத் தரம், வடிவமைப்பு எல்லாம் அன்றைய மற்ற கேம் விளம்பரங்களைவிட ஒரு படி மேலே. 1984ல் 'பாண்டர்ஸ்னாட்ச்', 'சைக்ளாப்ஸ்' என்று இரண்டு மாபெரும் கேம்கள் வரப்போகின்றன என்று விளம்பரம் செய்தார்கள். கேசட்டோடு தனியாக ஒரு வன்பொருள் துண்டும் வரும், விலை வழக்கமான கேமைவிடப் பல மடங்கு. விளம்பரத்தில் கேமின் படம் ஒன்றுகூட இல்லை, அதை எழுதிக்கொண்டிருப்பவர்களின் முகங்கள்தான்.

அந்த இரண்டும் வெளிவரவே இல்லை. பிபிசி ஒரு ஆவணப்படத்துக்காக உள்ளே படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே கடன்காரர்கள் சார்பில் ஜப்தி செய்ய ஆட்கள் வந்து நின்றார்கள். 1984 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் நிறுவனத்தைக் கலைக்க உத்தரவு போட்டது. எந்தக் கடனுக்காகத் தெரியுமா? 'பர்சனல் கம்ப்யூட்டர் கேம்ஸ்' என்ற பத்திரிகையில் போட்ட விளம்பரத்துக்குக் கட்ட வேண்டிய 10,000 பவுண்டைப் புரட்ட முடியாததால்தான்.

பளபளப்பான விளம்பரம், பெரிய நிறுவனம், எல்லாம் சரி. பொருளும் இல்லை, பத்திரிகைக்குக் கொடுக்கக் காசும் இல்லை. கேம் என்பதால்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் விண்டோஸை 1983 நவம்பரில் அறிவித்தது, கடைக்கு வந்தது 1985 நவம்பரில். இல்லாத பொருளை இருப்பது போலப் பேசுவது அலுவலக மென்பொருள் உலகத்தில் அவ்வளவு சகஜமாகி, அதற்கென்று 'வேப்பர்வேர்' என்று ஒரு பெயரே வந்துவிட்டது. கோட்டு போட்டவர் சொன்னதால் அது கொஞ்சம் மரியாதையாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

சரி, சமையலை எப்படிப் பார்ப்பது?

ஒரு பத்திரிகை உண்மையிலேயே தொழில்முறையாக நடக்கிறதா என்பது, ஆசிரியர் குழுவுக்கும் விளம்பரப் பிரிவுக்கும் நடுவில் சுவர் இருக்கிறதா என்பதில் இருக்கிறது. விமர்சனம் எழுதுபவருக்கு, இந்த நிறுவனம் அடுத்த மாதம் நமக்கு நாலு பக்கம் விளம்பரம் தரப்போகிறது என்ற நினைப்பு பேனாவைப் பிடிக்கக்கூடாது.

கிராஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 1984 தொடக்கத்தில் இங்கிலாந்தின் லட்லோ என்ற சின்ன ஊரிலிருந்து வர ஆரம்பித்த பத்திரிகை. ஆலிவர் ஃபிரே வரைந்த அட்டைகளைப் பார்த்தால் காமிக்ஸ் புத்தகம் என்றே நினைப்போம். விமர்சகர்களில் பலர் உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள். இதையெல்லாம் கேட்டால் விளையாட்டுத்தனமாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் ஒரு கேமைப் பற்றிப் பல பேர் தனித்தனியாகக் கருத்துச் சொல்வார்கள், ஒருவர் கருத்து இன்னொருவரோடு ஒத்துப்போகாவிட்டாலும் அப்படியே அச்சாகும், கிராஃபிக்ஸ், விளையாடும் சுகம், காசுக்குத் தகுதியா என்று தனித்தனி மதிப்பெண் இருக்கும். யாருக்காக எழுதுகிறார்களோ அந்த வயதுப் பையன்களையே உட்காரவைத்து ஆடவிட்டது, என் பார்வையில், பெரிய பட்டம் வாங்கிய ஒருவர் மட்டும் எழுதுவதைவிடப் பொறுப்பான முறை. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: கிராஷ் பத்திரிகை ஆவதற்கு முன் தபால் மூலம் கேம் விற்கும் பட்டியலாகத்தான் தொடங்கியது. விற்பவரே விமர்சிக்கும்போது எச்சரிக்கையாக இருக்க வேண்டும், அட்டை எப்படி இருந்தாலும்.

அமிகா என்ற கம்ப்யூட்டருக்கான கேம்களைப் பற்றி 1991 முதல் 1996 வரை வந்த 'அமிகா பவர்' பத்திரிகை இன்னும் ஒரு படி மேலே போனது. அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் சுமாரான கேமுக்கும் 70, 75 சதவீதம் போடுவது வழக்கம். நூறு வரை அளவுகோல் இருக்கும்போது சுமார் என்றால் 50 தானே, அதனால் நாங்கள் 50 போடுவோம் என்று அமிகா பவர் சொன்னது, சொன்னபடி செய்தது. குறைந்த மதிப்பெண் வாங்கிய டீம் 17 நிறுவனம் கோபப்பட்டு, விமர்சனத்துக்குக் கேம் அனுப்புவதையே நிறுத்திக்கொண்டது. நக்கலும் கிண்டலுமாக எழுதிய பத்திரிகை, அதிகம் பேர் மதிக்கவே மறுத்த தோற்றம், ஆனால் விளம்பரதாரர் முறைத்தாலும் மதிப்பெண்ணை மாற்றவில்லை.

விளம்பரமே இல்லாவிட்டால் நேர்மை தானாக வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 1988ல் தொடங்கிய 'நின்டெண்டோ பவர்' ஆரம்ப ஆண்டுகளில் வெளியார் விளம்பரம் இல்லாமல் சுத்தமாக வந்தது. பத்திரிகையை நடத்தியதே நின்டெண்டோ என்ற கேம் நிறுவனம்தான் என்பதால் முழு இதழுமே ஒரு விளம்பரம். இன்னொரு பக்கம் 'கம்ப்யூட்டர் ஷாப்பர்' என்ற அமெரிக்கப் பத்திரிகை, டெலிபோன் டைரக்டரி மாதிரி பெரிய அளவில், மலிவான தாளில், கிட்டத்தட்ட முழுக்க விளம்பரமாக வந்தது. பார்க்கச் சகிக்காது. ஆனால் உதிரிபாகம் வாங்கிக் கம்ப்யூட்டர் சேர்ப்பவர்கள் அந்த விளம்பரங்களுக்காகவே காசு கொடுத்து வாங்கினார்கள், ஒரே பொருளுக்கு எத்தனை கடை என்ன விலை சொல்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வழி.

சுவர் இடிந்தால் என்ன ஆகும் என்பதற்கு அச்சைவிட்டு இணையத்துக்கு வந்த பிறகு நடந்ததுதான் மறக்க முடியாத உதாரணம். 2007 நவம்பரில் கேம்ஸ்பாட் என்ற கேம் விமர்சனத் தளம் முழுக்க 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற கேமின் விளம்பரம். அதே தளத்தின் விமர்சகர் ஜெஃப் கெர்ஸ்ட்மேன் அதற்குப் பத்துக்கு 6 மதிப்பெண் கொடுத்தார். சில நாட்களில் அவருக்கு வேலை போனது. காரணம் இதுதானா என்று எல்லாரும் கேட்டார்கள், சட்டப்படி அவரால் பேச முடியவில்லை. 2012ல் அந்தக் கட்டுப்பாடு நீங்கியதும், விளம்பரதாரர்களின் நெருக்கடியும் அதைச் சமாளிக்கத் தெரியாத புது நிர்வாகமும்தான் காரணம் என்று வெளிப்படையாகச் சொன்னார். கேம்ஸ்பாட் பார்ப்பதற்கு எல்லா வகையிலும் தொழில்முறையான தளம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 2004ல் 'டிரைவர் 3' கேமுக்கு இரண்டு பிரிட்டிஷ் பத்திரிகைகள் மற்ற எல்லாருக்கும் முன்னால் பத்துக்கு 9 போட்டதும், பிறகு கேம் வந்து ஆடிப் பார்த்தவர்கள் கொதித்ததும் இதே ரகம்தான், முன்கூட்டியே விமர்சிக்க விட்டதற்குப் பதிலாக மதிப்பெண் என்று பண்டமாற்று நடந்தது என்ற குற்றச்சாட்டு நிரூபணம் ஆகவில்லை என்றாலும்.

இப்போது பத்திரிகையின் இடத்தில் யூடியூப் இருக்கிறது, விளம்பரம் தனிப் பக்கமாக வராமல் பேசுபவர் வாயிலேயே வருகிறது. 'ஷேடோ ஆஃப் மோர்டார்' கேமைப் புகழ்ந்து பேச யூடியூபர்களுக்குக் காசு கொடுத்ததை ஒழுங்காகத் தெரிவிக்கவில்லை என்று வார்னர் பிரதர்ஸ் மீது அமெரிக்க வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, 2016ல் சமரசம் ஆனது. இந்தியாவிலும் விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021ல் விதி கொண்டுவந்தது: காசு வாங்கிப் பேசினால் அது விளம்பரம் என்று தெளிவாகப் போட வேண்டும். பழைய பத்திரிகையில் விளம்பரம் எங்கே முடிகிறது, விமர்சனம் எங்கே தொடங்குகிறது என்று பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த வகையில் அசுரன் படம் போட்ட முழுப்பக்க விளம்பரம் ரொம்ப நேர்மையான ஜந்து.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். பழைய கேம் பத்திரிகை ஏதாவது ஒன்றின் அரை வருட இதழ்களைத் திறந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு இதழிலும் அதிகப் பக்கம் வாங்கியிருக்கும் விளம்பரதாரர் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள், பின்னட்டை யாருக்குப் போயிருக்கிறது என்றும் பாருங்கள். அப்புறம் அதே நிறுவனத்தின் கேம்களுக்கு என்ன மதிப்பெண் போட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். எல்லாமே 85க்கு மேல் என்றால் சந்தேகப்படலாம். அட்டைப்படத்தில் வந்த கேமுக்கு உள்ளே அடி விழுந்திருக்கிறதா, விமர்சனம் செய்தது முடிந்த கேமையா பாதியில் இருந்ததையா, எந்தக் கம்ப்யூட்டரில் ஆடிப் பார்த்தார்கள் என்று சொல்லியிருக்கிறார்களா, வாசகர் கடிதப் பகுதியில் மதிப்பெண்ணைத் திட்டி வந்த கடிதங்களைப் போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். பிறகு அதே காலத்து அலுவலகப் பத்திரிகை ஒன்றை எடுத்து, அதில் பக்கம் பக்கமாக விளம்பரம் கொடுத்த டேட்டாபேஸ் மென்பொருள் எதையாவது இது வாங்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.